நாற்பத்து மூன்று பேர் பார்த்த படம்

மார்ச் 3

அண்ணிக்கு,

நீங்கள் போய் நான்கு நாட்களாகின்றன. உங்கள் கைபேசி அணைந்தே இருக்கிறது. உங்கள் அக்கா வீட்டுக்கு அழைத்தேன். "அவ பேச மாட்டாளாம். சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா எழுதிப் போடச் சொல்றா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் பார்த்ததைத்தான் குடும்பக் குழுவில் போட்டேன். பத்து நாள் விடுப்பில் வந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா கட்டிலிலிருந்து இடது கையை நீட்டி, "தண்ணி, தண்ணி" என்று குழறிக் குழறிக் கேட்டாள். நீங்கள் மேசைமேல் இருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அம்மாவுக்குச் சட்டை மாற்றும்போது வலது மேற்கையின் உட்புறத்தில் நான்கு நீலத் தடங்கள் தெரிந்தன. விரல் தடங்கள். எண்ணிப் பார்த்தேன். படம் எடுத்தேன். "என் அம்மாவுக்கு இங்கே நடக்கும் பராமரிப்பு இதுதான். தண்ணீர்கூடக் கிடையாது" என்று எழுதிப் போட்டேன். இதில் எது பொய்?

நாற்பத்து மூன்று பேர் பார்க்கிற இடத்தில் போடாமல் உங்களையே கேட்டிருக்கலாம்தான். எனக்கு யாரையும் முகத்துக்கு நேரே கேட்டுப் பழக்கமில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

கோபித்துக்கொண்டு போவது உங்கள் உரிமை. ஆனால் பக்கவாதம் வந்து கிடக்கும் ஒரு மனுஷியை விட்டுப் போகும்போது எது எங்கே இருக்கிறது என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீல டப்பா மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ரப்பர் விரிப்பு இன்னொன்று உண்டா? அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் மல்லாந்துவிடுகிறாள், நீங்கள் எதை முட்டுக் கொடுப்பீர்கள்? சாப்பாட்டை வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாயைத் திறக்க மறுக்கிறாள். துடைக்கப் போனால் கடிக்கிறாள். அலமாரியில் ஒரு டின்னில் வெள்ளை மாவு இருக்கிறது. எதற்கென்று அண்ணனுக்கும் தெரியவில்லை.

தண்ணீர் மட்டும் கேட்ட போதெல்லாம் கொடுக்கிறேன். முதல் தம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், அண்ணி. மூன்று வருடத் தாகம் மாதிரி இருந்தது. கொஞ்சம் இருமினாள், அவ்வளவுதான்.

வருவதானால் வாருங்கள். இல்லையென்றால் மேற்கண்ட விவரங்களைத் தாமதமின்றித் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 5

பட்டதாரிக்கு,

தண்ணீரை நிறுத்து. இதற்கு மேல் படிக்காதே. போய் அந்த ஜாடியை எடுத்து மேலே வை.

வைத்தாயா? இப்போது படி.

உன் கடிதம் வந்தவுடன் அக்காவின் போனிலிருந்து உன் அண்ணனைக் கிடங்கில் கூப்பிட்டேன். "அத்தைக்குத் தண்ணிய அப்படியே குடுக்கக் கூடாதுன்னு பாப்பாகிட்ட உடனே சொல்லுங்க" என்றேன். "சரி சரி, லோடு வந்து நிக்குது" என்று வைத்துவிட்டார். சொன்னாரோ, மூட்டைக்குக் கீழே போட்டாரோ தெரியாது. உன் எண்ணையும் அழுத்தத் தொடங்கினேன். பாதியில் விரல் நின்றுவிட்டது. உன் குரலைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

அத்தைக்கு விழுங்கும் தசை பாதி செயலிழந்துவிட்டது. தண்ணீர் வேகமாக ஓடும். தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். "கொஞ்சம் இருமினாள், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இருமல்தான் அத்தையின் உடம்பு உன்னைப் பார்த்துப் போட்ட கூச்சல். அந்த வெள்ளை மாவு தண்ணீரைக் கெட்டிப்படுத்த. தேன் பதத்துக்குக் கலக்கு. அத்தையை நேராக உட்காரவை. தாடை மார்பைப் பார்க்க வேண்டும், கூரையைப் பார்க்கக் கூடாது. ஒரு ஸ்பூன் கொடு. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார். பிறகுதான் அடுத்த ஸ்பூன். ஒரு கிண்ணத்துக்கு அரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் இன்னொரு அரை மணி உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பாடு ஒதுங்குவது செத்த பக்கத்துக் கன்னத்தில். அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. துடைப்பதற்கு முன் "வாயைத் துடைக்கப் போறேன்" என்று சொல். சொல்லாமல் உன் வாய்க்குள் யாராவது விரலை விட்டால் நீ முத்தமா கொடுப்பாய்?

ஜாடியை ஏன் எடுத்து வைத்தேன் தெரியுமா? கண்ணில் பட்டால் கேட்பார்கள். கேட்டால் இல்லையென்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாக ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்லிப் பார். அப்புறம் நீயும் வாயைத் திறக்காமல் ஜாடியைத் தூக்குவாய்.

நீல டப்பா சாப்பாட்டுக்குப் பின். ரப்பர் விரிப்பு கட்டிலுக்கு அடியில் பெட்டியில். முதுகுக்கு நீளத் தலையணை, இரண்டு முழங்காலுக்கு நடுவில் சின்னது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பு.

நாலு விரல் என்று எண்ணினாயே, அளந்தாயா? அந்த மாத்திரை ரத்தத்தை நீர்க்க வைக்கிறது, தொட்டாலே கன்றிப்போகும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. படித்தவள் நீதானே. மற்றதை நான் சொல்ல மாட்டேன். என் கை எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இரு.

அடுப்படியில் மாவு கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே உன் பெரியம்மா, "எனக்கு அப்பவே தெரியும்" என்று எழுதியிருந்தார். உன் அண்ணன் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டிருந்தார். எங்கே போட்டாயோ அங்கேயே எடு. அதுவரை நான் உனக்கு அண்ணியும் இல்லை, அந்த வீட்டுக்கு மருமகளும் இல்லை.

(பெயர் வேண்டாம். யாரென்று உனக்குத் தெரியும்.)


மார்ச் 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. அம்மா ஏழாம் தேதியே ஆஸ்பத்திரியில்.

ஆறாம் தேதி காலையில் உடம்பு கொதித்தது. மூச்சில் கரகரவென்று சத்தம். நுரையீரலுக்குள் தண்ணீர் போய்ச் சீழ் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். அவருக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருங்க இவங்களுக்குத் தண்ணி குடுத்தது?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். பிறகு, "வீட்ல பாத்துக்கிட்டிருந்தவங்க திடீர்னு போயிட்டாங்க சிஸ்டர்" என்றார்.

கொடுத்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பழியும் உங்கள் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு, கையில் கம்பளியோடு நின்றேன். நீங்கள் போன் செய்ததைப் பற்றி அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டேன். "மறந்துட்டேன் பாப்பா. வேலை அப்படி" என்றார்.

அம்மா பிழைத்துவிட்டாள். நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். என் விடுப்பை ஏப்ரல் முதல் வாரம்வரை நீட்டி வாங்கியிருக்கிறேன். பாதி உடம்பாகிவிட்டாள். அந்த நர்ஸ் எனக்கு ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் ஒவ்வொரு ஸ்பூனையும் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பரீட்சை இல்லம்மா, சாப்பாடு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சிரிக்கத் தகுதியான ஆளாக அப்போது நான் இல்லை.

நீங்கள் சொன்னபடி குழுவில் எழுதிவிட்டேன். நகல் கீழே:

"கடந்த மாதம் பகிரப்பட்ட படம் தொடர்பாக, அப்போது முழுமையான தகவல்கள் கிடைக்கப்பெறாத நிலையில் சில கருத்துகள் தெரிவிக்கப்பட்டன. இதனால் எவருக்கேனும் மனவருத்தம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறேன்."

இனி என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். நீங்கள் திட்டினாலும் கேட்பேன். மூன்று வருடத்தில் ஒரு தரம்கூட எனக்கு இதைச் சொல்லவில்லையே, ஏன்? மாவைப் பற்றி, தொண்டையைப் பற்றி, மாத்திரையைப் பற்றி? எல்லாவற்றையும் உங்கள் ஒருவர் தலைக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டீர்கள். நீங்கள் எழுந்து போனதும் வீடே குருடாகிவிட்டது. அது என் தப்பு மட்டும்தானா?

நாத்தனார்


மார்ச் 17

பட்டதாரிக்கு,

சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்று கேள். முதல் வருடம் நீ போன் செய்யும்போதெல்லாம் ஆரம்பிப்பேன். "இன்னிக்கு அத்தைக்கு விழுங்கறதுல" என்பதற்குள் நீ, "நீங்க இருக்கீங்களே அண்ணி, எனக்கென்ன கவலை" என்பாய். அதோடு கதவைச் சாத்திவிடுவாய். பிறகு உன் அலுவலகத்துக் கண்ணாடி ஜன்னலைப் பற்றிச் சொல்வாய். இரண்டாவது வருடம் நானும் நிறுத்திவிட்டேன். பாராட்டு என்று நினைத்துத்தானே சொன்னாய்? அது பாராட்டு இல்லை, தாயே. பூட்டு.

எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். முதல் வாரம் குளியலறையில் அத்தையைப் பிடித்துக்கொண்டு நானும் விழுந்தேன். நான் கீழே, அத்தை மேலே. இரண்டு பேரும் எழ முடியாமல் அப்படியே கிடந்தோம். உன் அண்ணன் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தை அழுதார்கள், பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அவர்களுக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இடுப்பில் பட்டையைக் கட்டி, என் முழங்காலை மடக்கி, அவர்கள் பாதத்துக்கு நடுவில் என் பாதத்தை வைத்து எழுப்பக் கண்டுபிடித்தேன். கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அக்குளில் கை கொடுக்கவும் கூடாது. செத்த கையின் தோள் கழன்றுவிடும். சட்டை போடும்போது செத்த கைக்கு முதலில், கழற்றும்போது அதற்குக் கடைசியில். இதையெல்லாம் எழுதிக்கொள். உனக்கு எழுதினால்தானே ஏறும்.

உன் மன்னிப்பைப் படித்தேன். அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். "யாருடி இது, மின்சாரத் தடை அறிவிப்பா?" என்று கேட்டாள். "தெரிவிக்கப்பட்டன." யாரால்? "எவருக்கேனும்." அந்த எவருக்கேனும் நான்தானே? பழி போடும்போது மட்டும் உனக்கு நல்ல தமிழ் வந்தது. படம், ஒரு வரி, சுருக். இதற்கு மட்டும் ஏட்டுச் சுரைக்காயா?

இன்னொரு செய்தி. இங்கே பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. போன வாரத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறேன். ஆறு வாரம் பயிற்சி. பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும். சொல்லிக்கொடுக்கும் அம்மாள் என்னை முன்னால் அழைத்து, "இவங்க கையைப் பாருங்க, எப்படித் திருப்புறாங்கன்னு" என்று பதினான்கு பேருக்குக் காட்டினார். மூன்று வருடத்தில் என் கையை யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆனால் நான் செய்த தப்பு ஒன்றும் அங்கே தெரிந்தது. அத்தையின் குதிகால் சிவந்தபோதெல்லாம் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். தேய்த்தால் ரத்தம் ஓடும் என்று நினைத்தேன். தேய்க்கவே கூடாதாம். உள்ளே சதை கிழியுமாம். போன வருடம் வந்த புண் என் கையால் வந்தது. அந்த வகுப்பிலேயே எழுந்து வெளியே போய்விட்டேன். நீ தேய்க்காதே. சிவப்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார். விரலை எடுத்ததும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் நிறுத்து. மறுநாளும் போகாவிட்டால் அந்த நர்ஸுக்குக் காட்டு.

அன்று உன் எண்ணை முழுதாக அழுத்தியிருந்தால் அத்தைக்கு ஆஸ்பத்திரி இல்லை. அது என் கணக்கில். மற்றது உன் கணக்கில்.


மார்ச் 24

அண்ணி,

பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் உள்ளே வந்தார். "இதுக்கா இவ்வளவு நேரம்? நகரு" என்றார். அம்மாவின் இரண்டு மேற்கைகளையும் பிடித்து, கிடங்கில் மூட்டையைத் தூக்குவது போல ஒரே தம்மில் தூக்கி நாற்காலியில் வைத்தார். அம்மாவின் முகம் கோணியது. சத்தம் வரவில்லை. "பாத்தியா, ரெண்டு செகண்டு" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை அதே இடத்தில் நான்கு தடங்கள். என் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தேன். எட்டவில்லை. உங்கள் கை என் கையைவிடச் சின்னது.

நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தினால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. கீச்சென்று, அசிங்கமாக இருந்தது.

"அண்ணா, அந்தப் படத்தைப் பார்த்தப்பவே உனக்குத் தெரியும்ல?"

"எந்தப் படம்?"

"நடிக்காதே. உன் கைன்னு உனக்குத் தெரியும்ல?"

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "தெரியும். ஆனா நீயே அவ மேல எழுதிட்ட. நாப்பது பேரு பேசிட்டாங்க. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது?" என்றார்.

"நான்தான்னு சொல்றது!"

"ஒரு ஆம்பளை அம்மாவை அடிச்ச மாதிரி ஆயிடாதா?"

"அண்ணி அடிச்ச மாதிரி ஆனா பரவாயில்லையா?"

"அவ புரிஞ்சுப்பா" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றை உங்களையே சாப்பிடச் சொல்கிறார். கையில் இருந்த ஸ்பூனை அவர் மேல் எறிந்தேன். சட்டையெல்லாம் மாவு. அம்மா இடது கையால் கட்டில் கம்பியை டங் டங்கென்று தட்டினாள். என்னை நிறுத்தச் சொன்னாளா, இன்னும் போடச் சொன்னாளா தெரியவில்லை.

பிறகு எழுதினேன். அலுவலகத் தமிழ் இல்லாமல் எழுத ஒரு மணி நேரம் ஆனது:

"அம்மாவின் கையில் இருந்த காயம் என் அண்ணன் தப்பாகத் தூக்கியதால் வந்தது. அண்ணி தண்ணீரை எடுத்து வைத்தது அம்மாவின் உயிரைக் காப்பாற்ற. அந்தத் தண்ணீரை நான் கொடுத்து அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அண்ணியைப் பற்றி நான் எழுதியது பொய். நீங்கள் அதை நம்பி எழுதியவையும் பொய்."

ஐந்து நிமிடம் கழித்து ஒரு சித்தப்பா ரோஜாப்பூப் படத்தோடு "இனிய காலை வணக்கம்" போட்டார். அதற்குப் பதினோரு பேர் பதில் வணக்கம் வைத்தார்கள். உங்கள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. மாலையில் பெரியம்மா போன் செய்தார். "வீட்டு விஷயத்த நாலு பேர் பாக்குற இடத்துல போடலாமாடி? படிச்ச பொண்ணு செய்ற வேலையா இது?" என்றார்.

"போன மாசம் போட்டப்ப இதே இடம்தானே பெரியம்மா?" என்றேன். நேராக, வாயால் கேட்டேன். அவர் வைத்துவிட்டார்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். நீங்கள் கேட்டதைக் கேட்ட இடத்தில் செய்துவிட்டேன், அவ்வளவுதான்.

நாத்தனார்


மார்ச் 30

உனக்கு,

படித்தேன். அக்காவின் மகள் அந்தக் குழுவில் இருக்கிறாள், போனைக் கொண்டுவந்து காட்டினாள். நான்கு தரம் படித்தேன். அப்போது எனக்கு உன்மேல் கோபம் குறைந்தது. ஒரே ஒரு நாள்.

மறுநாள் உன் அண்ணனும் பெரியம்மாவும் நான் வேலை செய்யும் இடத்து வாசலில் வந்து நின்றார்கள். கையில் பழக்கூடை. நான் ஒரு தாத்தாவுக்குப் பல் துலக்கிவிட்டு, கையுறையோடு வெளியே வந்தேன்.

"அதான் பாப்பா எழுதிட்டாளே. எல்லாம் சரியாயிடுச்சு. கார்ல ஏறு" என்றார் பெரியம்மா.

"அம்மா உன்னத்தான் கேக்குறாங்க" என்றார் உன் அண்ணன்.

"என்னன்னு கேக்குறாங்க?"

"உன்னத்தான்… எப்ப வருவான்னு."

அத்தையால் அத்தனை பெரிய வாக்கியம் சொல்ல முடியாது என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. "நான்தான் தூக்கினேன்னு நீங்க எங்கேயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன். "பாப்பாதான் எழுதிட்டாளே" என்றார். "அவ எழுதினா அது அவ வாய். உங்க வாய் எங்க?" என்றேன். பெரியம்மா, "பொம்பளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது" என்றார். பழக்கூடையை உள்ளே இருந்த பாட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நீ அனுப்பினாயா அவர்களை? உண்மையைச் சொல். நீ எழுதியது என்னைத் திரும்பக் கூட்டிவர விரித்த வலையா? உன் விடுப்பு முடியப்போகிறது, ஆள் வேண்டும், அதற்காகவா? அப்படியென்றால் அந்தப் பூப்படம் போட்ட சித்தப்பா உன்னைவிட யோக்கியர்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உன் பொய்யை நீ எடுத்துக்கொண்ட பிறகு என்னிடம் இது முள்ளாகக் கிடக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள். அன்று மூன்றாவது தரம் படுக்கையை மாற்றிவிட்டு நிமிர்ந்தேன். அத்தை மறுபடியும் நனைத்துவிட்டார்கள். "செத்துத் தொலைய வேண்டியதுதானே" என்று கத்தினேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக் கத்தினேன். அவர்களுக்குப் பேச்சுதான் குழறுமே தவிர, காது நன்றாகக் கேட்கும். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக ஓடியது. நானே துடைத்துவிட்டேன். அதைப் படம் எடுக்க யாரும் இல்லை.

ஆகவே உன் பொய் முழுப் பொய் இல்லை. தெரிந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் செய்.

நான் திரும்பி வந்தால் அந்த நாளும் திரும்பி வரும். அதுதான் என் பயம். ஆனால் அத்தையைப் பார்க்காமல் இருப்பது, துணி மாற்றும்போது அவர்கள் இடது கை விரல்கள் என் புடவையைத் தடவித் தடவித் தரம் பார்க்குமே, அது இல்லாமல் இருப்பது, எனக்குப் பழகவில்லை.


ஏப்ரல் 5

அண்ணி,

நான் அனுப்பவில்லை. அவர்கள் போனதே உங்கள் கடிதம் வந்துதான் தெரியும். கார் எடுத்துக்கொண்டு "ஒரு வேலை" என்று போனார்கள். அந்த வேலை நீங்கள்தான் போலிருக்கிறது.

முதல் கடிதத்தில் வருவதானால் வாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். வராதீர்கள்.

நீங்கள் வந்தால் மறுநாளே அண்ணன் கிடங்குக்கு நிம்மதியாகப் போவார். பெரியம்மா குழுவில் ரோஜாப்பூப் போடுவார். நான் கண்ணாடி ஜன்னலுக்குத் திரும்பிப் போய், "நீங்க இருக்கீங்களே அண்ணி" என்பேன். என்னை எனக்குத் தெரியும். சொல்லிவிடுவேன்.

நீங்கள் கத்தியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நேற்று முன்தினம் நானும் கத்தினேன். நீங்கள் சொன்ன அதே வார்த்தை இல்லை, ஆனால் பக்கத்து வார்த்தை. நான் ஐந்து வாரம் பார்த்தவள். நீங்கள் மூன்று வருடம் தனியாகப் பார்த்தவர். உங்களைத் தனியாக விட்ட யாருக்கும் அந்த நாளைப் பற்றிப் பேச வாய் கிடையாது. எனக்கும் கிடையாது. அம்மாவிடம் மட்டும் நீங்கள் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால், அது உங்களுக்கும் அவளுக்கும்.

அண்ணனிடம் பேசினேன். எழுதவில்லை, பேசினேன். காலையில் எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது அவர். வேலைக்குக் கிளம்பும் முன் முடிக்க வேண்டும். மற்ற நேரம் நான். அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆறு மாதம் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பகலுக்குப் பயிற்சி எடுத்த ஒருவரைப் பார்க்க வேண்டும்.

"எனக்கு இதெல்லாம் வராது" என்றார். "எனக்கு மட்டும் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?" என்றேன். முதல் நாள் சட்டையின் நல்ல கையை முதலில் மாட்டி, செத்த கைக்கு வழியில்லாமல் அம்மாவைச் சட்டைக்குள் சிக்கவைத்தார். அம்மா இடது கையால் அவர் தலையில் ஒரு போடு போட்டாள். நன்றாகக் குறி பார்த்த அடி. இரண்டாம் நாள் பட்டையைக் கட்டினார். முழங்காலை மடக்கினார். "அம்மா, எழுப்பப் போறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். அம்மாவின் முகம் கோணவில்லை. அவர் நெற்றியெல்லாம் வேர்வை. நூறு மூட்டை தூக்குகிறவர், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இத அவ தெனமும் தனியாவா செஞ்சா?" என்றார்.

"அதை என்கிட்ட கேக்காதே" என்றேன்.

நேற்றுக் குழுவில் இரண்டே வரி எழுதியிருக்கிறார்: "தூக்கினது நான்தான். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்." எழுத்துப்பிழை திருத்தித் தரச் சொன்னார். நான் திருத்தவில்லை. இதற்காக அவரை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானும் இன்னும் மன்னிக்கவில்லை. டீயை ஓசை வருகிற மாதிரித்தான் அவர் முன்னால் வைக்கிறேன்.

குதிகால் சிவப்பு போய்விட்டது. தேய்க்கவில்லை.

நாத்தனார்


ஏப்ரல் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பதினோரு மணிக்கு வருகிறேன். இருக்க வரவில்லை. அத்தையைப் பார்க்க வருகிறேன். சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

உன் அண்ணன் வீட்டில் இருக்கலாம். பேசுவேனா என்று தெரியாது.

அத்தையிடம் எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது. ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொடு.

அப்புறம் நான் முன்னறையில், ஜன்னலோரம் இருக்கிற நல்ல நாற்காலியில் உட்காருவேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அதில் உட்கார்ந்ததில்லை. நீ டீ போட்டுக் கொண்டுவந்து கொடு. அன்று நான் ஒரு துணியை மடிக்க மாட்டேன், ஒரு தம்ளரைக் கழுவ மாட்டேன். அத்தைக்கு ஸ்பூன் பிடிப்பது நீ. திருப்புவது அவர். நான் பார்ப்பேன். தப்பாகச் செய்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டுவேன்.

ஆனால் அத்தை ஒரு தரம் இருமினால் போதும், நான் எழுந்துவிடுவேன். என் கால் என் பேச்சைக் கேட்காது. அப்போது என்னை உட்காரச் சொல். இந்தத் தயக்கம், வெட்கமெல்லாம் வேண்டாம். கோபமாகவே சொல்.

அண்ணி